விலகிய தேதி

என் மேசையின் மூன்றாவது இழுப்பறையை உங்கள் ஆட்கள் உடைத்திருக்க வேண்டியதில்லை. அது எப்போதும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். லேசாகத் தூக்கிப் பிடித்து இழுத்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே திறந்து கொடுத்திருப்பேன். பரவாயில்லை. உள்ளே இருந்த நாற்பத்தொரு மனுக்களும் பணியாளர் எண் வரிசைப்படி இருந்திருக்கும். ஒன்றுகூடக் கசங்கியிருக்காது. குண்டூசி குத்தினால் துருக்கறை படியும் என்று நூல் கோத்துத்தான் வைத்திருந்தேன்.

நீங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நான் நிதானமாகவே சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு காசுகூட நான் எடுக்கவில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலை எங்களுடையது. இருபத்தாறு வருடம் அதே அலுவலக அறை, அதே ஜன்னலோர மேசை. மாதாமாதம் ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு பங்கைப் பிடித்து, கம்பெனி தன் பங்கையும் போட்டு, ஓய்வுக்காலத்துக்கென்று ஃபண்டு ஆபீசில் கட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது. அதனால் என் பெயரே போய் நான் 'ஃபண்டு அக்கா' ஆகிவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் கணக்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முகம் மறந்து போகும், தொகை மறக்காது. கேன்டீனில் என்னைக் கண்டதும் கேலி பேசுவார்கள். "டேய், அக்கா உன்னைப் பார்க்கல, உன் தலைக்கு மேல ஓடற நம்பரைப் பார்க்குது" என்பார்கள். நானும் சிரிப்பேன். அது பொய்யும் இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர்கள் சேர்த்தது அது. யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா?

பாட்டில் உலை வீட்டு அடுப்பு மாதிரி இல்லை. ஒருமுறை கொளுத்தினால் எட்டு, பத்து வருடம் அணையாமல் எரிய வேண்டும். அணைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இறுகிப் பாறையாகிவிடும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட உலையைப் போன வருடம் அணைத்தார்கள். வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டார்களாம். மேனேஜர் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி வைத்துச் சொன்னார். "யாரையும் வேலையை விட்டு அனுப்பலை. இது காத்திருப்பு விடுப்பு. சம்பளம் கிடையாது, ஆனா வேலை உங்களோடதுதான். ஆர்டர் வந்ததும் கூப்பிடுவோம்."

பின்வரிசையிலிருந்து நெட்டையன் மட்டும் கேட்டான். "சார், பஸ்ஸுல ஏத்தி உக்கார வச்சிட்டீங்க. டிரைவரக் காணோம். எறங்கினா சீட்டு போயிடும்ங்கறீங்க. எத்தனை நாள் உக்காந்திருக்கறது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜரும் சிரித்தார். சிரித்தபடியே காரில் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் மாதம் ஒருமுறைதான் வந்தார், கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்.

நெட்டையன் பாட்டில் சோதிக்கிறவன். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டில்களில் கீறல் இருப்பதை மட்டும் தட்டி விடுவான். முடி அளவு விரிசலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

உலை அணைந்ததும் அலுவலகத்தில் காவலாளியும் நானும் மட்டும் மிஞ்சினோம். ஃபண்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னை வைத்துக்கொண்டார்கள். என் சம்பளம் நிற்கவில்லை. அது என் குற்றமில்லை. நின்றது மற்றவர்களுடைய மாதப் பங்கு. சம்பளம் இல்லையென்றால் பிடித்தமும் இல்லை, கம்பெனி பங்கும் இல்லை. இருபத்தாறு வருடமாக எண்களால் நிறைந்திருந்த பத்தியில் சைபர் சைபராக விழுந்தது. சேர்ப்பதுதான் நின்றுவிட்டது, இருப்பதாவது குறையாமல் இருக்கட்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

விதியை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நோய்க்கென்று ஃபண்டில் முன்பணம் கேட்கலாம். ஆனால் கடைசி மூன்று மாதம் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். காத்திருப்பில் இருக்கிறவனுக்குப் பட்டியலில் பெயர் இல்லை. முழுப்பணமும் எடுக்கலாம், ஆனால் வேலையை விட்டிருக்க வேண்டும். காத்திருப்பில் இருக்கிறவன் வேலையை விடவில்லை. ஆகவே ஒரே வழி, ராஜினாமா எழுதிக் கொடுப்பது. கொடுத்துவிட்டால் நாளைக்கு உலை எரிந்தாலும் கூப்பிட மாட்டார்கள். இதை நான் செய்யவில்லை ஐயா. எழுதி வைத்தவர்கள் வேறு யாரோ.

மூன்றாவது மாதத்திலிருந்து ராஜினாமாக்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தவர் வெல்டர். விதிப்படி எல்லாம் செய்தேன். பணம் வந்தது. மைத்துனனோடு சேர்ந்து செருப்புக் கடை போட்டார். இரண்டே மாதத்தில் மைத்துனனும் இல்லை, செருப்பும் இல்லை. ஒருநாள் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். "அக்கா, நீங்க அன்னைக்கே என் கையில ஒரு அடி போட்டு, போடா வீட்டுக்குன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்த வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது. சொல்லியிருக்கலாம்தான் என்று தோன்றியது.

அடுத்து வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "பொறுங்க, கைய வைக்காதீங்க, வயசான காலத்துல புள்ளைங்க பார்க்காது, இதுதான் பார்க்கும்" என்றேன். யார் கேட்கிறார்கள்? பசி காதை அடைத்துவிடும். சரி என்று மனுவை வாங்கிக்கொண்டேன். அதில் கம்பெனி நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்றே ஒன்றுதான்: விலகிய தேதி. எட்டு இலக்கம். அதை எழுதி, கணினியிலும் பதிந்து, முத்திரை குத்தி அனுப்பினால் இருபது நாளில் பணம் வந்துவிடும். அந்தத் தேதி ஏறாதவரை ஃபண்டு ஆபீசின் கண்ணுக்கு அவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். யாரும் தொட முடியாது.

நான் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. எதையும் திருத்தவில்லை, கிழிக்கவில்லை, பொய்க் கையெழுத்துப் போடவில்லை. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன்.

வந்து கேட்டால் "மேல இருக்கு" என்பேன். மேலே என்றால் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் கட்டடத்துக்கு மாடியே கிடையாது. ஆனாலும் 'மேலே' என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது ஐயா. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் பலர் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். சுமை தூக்கினார்கள், வண்டி ஓட்டினார்கள், வீட்டம்மா நாலு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள். பார்த்தீர்களா, பணம் இல்லாமலும் முடிந்திருக்கிறது.

நெட்டையன் வந்தது ஏழாவது மாதம். முதலில் முன்பணம்தான் கேட்டான். பட்டியலில் பெயர் இல்லை என்றேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவ்வளவு உயரமான ஆள், குனிந்திருந்ததில் என் கண் மட்டத்துக்குத்தான் இருந்தான்.

"அக்கா, என் வீட்டுக்காரி வயித்துல கட்டி இருக்குன்னு சொல்லிட்டாங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில வரிசை எட்டு மாசமாம். அதுவரைக்கும் தாங்காதுன்னு அந்த டாக்டரே சொல்றாரு. தனியார்ல ஆறு வாரத்துக்குள்ள வெட்டி எடுத்துடலாம்னு சொல்றாங்க. முன்பணம் கட்டினாத்தான் தேதி குடுப்பாங்க."

"குணமாயிடுமா?"

"பாதிக்குப் பாதிங்கறாங்க."

பாதிக்குப் பாதி. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவரே உறுதி சொல்லவில்லை.

"ராஜினாமா குடுத்தா வேலை போயிடும், தம்பி. யோசிச்சுக்க."

"பொண்டாட்டி போனப்புறம் வேலைய வச்சு யாருக்குச் சோறு போடறது?" என்றான். காகிதத்தை அவனே கொண்டு வந்திருந்தான். கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினான். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவன் கணக்கில் இருந்தது நான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். தொடாமல் விட்டால், அவன் ஓய்வு பெறும் வயதில் வட்டியோடு பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டும். அன்று மாலையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு மனுவில் நூல் கோத்து, அதன் இடத்தில் வைத்தேன். இருபத்தேழாவது.

மூன்று வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கல்நெஞ்சக்காரி என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஒரே அறை. மூலையில் தையல் மெஷின் உறை போட்டு மூடியிருந்தது. கட்டிலில் அவள் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தாள்.

"வாங்கக்கா. எழுந்திருக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க."

"படுத்துக்க, தங்கச்சி."

"படுத்துப் படுத்து, கட்டிலுக்கே என்னைப் பார்த்தா சலிப்பு வந்துடுச்சு." சிரித்தாள். "இவரு கதையைக் கேளுங்க. பாட்டில்ல முடி அளவு கீறல் இருந்தாக் கண்டுபுடிச்சிடுவாராம். ஒரு வருஷமா பொண்டாட்டி வயித்துல ஒண்ணு குடக்கூலி குடுக்காமக் குடியிருக்கு, அது தெரியல."

நெட்டையன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "உன்னை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சிருந்தா நான் கண்டுபுடிச்சிருக்க மாட்டனா?" என்றான். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஃபண்டு எப்ப வரும்?"

"வந்துடும்மா. மேல இருக்கு."

"மேல இருக்கறவங்ககிட்டச் சொல்லுங்க. நம்ம மேனேஜர் மாதிரி மாசத்துக்கு ஒருதரம் வந்துட்டுப் போற கட்டி இல்ல இது. தெனமும் ட்யூட்டி பார்க்குது."

அவள் காலை மெதுவாகப் பிடித்துவிட்டேன். தூங்கும்வரை இருந்தேன். கிளம்பும்போது என் பையிலிருந்து ஐயாயிரம் எடுத்து நெட்டையன் கையில் வைத்தேன். வட்டி வேண்டாம், முடிந்தபோது கொடு என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றான். வரும் வழியெல்லாம் மனம் லேசாக இருந்தது.

அவனும் சும்மா இருக்கவில்லை. ஃபண்டு ஆபீசுக்கு நேராகப் போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறான். கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து, "நீங்க இன்னும் வேலையிலதான் இருக்கீங்க. உங்க கம்பெனி தேதி போடல, அங்க போய்க் கேளுங்க" என்றாராம். ஓடி வந்தான்.

"அக்கா, நான் வேலையில இருக்கேன்னு சொல்றாங்க. வேலையில இருந்தா சம்பளம் குடுங்க. இல்லேன்னா ஃபண்டைக் குடுங்க. ரெண்டும் இல்லேன்னா நான் யாருக்கா?"

"கம்ப்யூட்டர் கோளாறு தம்பி. நான் ஏத்திட்டேன். அங்க இன்னும் விழல."

"கையைக் காலா நெனச்சுக் கேக்கறேன்க்கா. மாசக் கடைசிதான் டாக்டர் சொன்ன கெடு."

"எனக்குத் தெரியாதா? நான் பார்த்துக்கறேன்."

நம்பிப் போனான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். சொன்னது அக்கா அல்லவா? பைக்கை விற்றான். தையல் மெஷினை விற்றான். வாங்கக்கூடாத இடத்தில் கடன் வாங்கினான். எல்லாம் சேர்த்தும் ஆஸ்பத்திரி கேட்டதில் பாதிகூட வரவில்லை. ராஜினாமாவைத் திரும்பக் கொடுங்கள் என்றும் ஒருநாள் கேட்டான். அது மேலே போய்விட்டது என்றேன்.

ஒரு நிமிடத்தில் அந்தத் தேதியை ஏற்றியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஏற்றியிருக்கலாம். ஒருநாள் மனுவை வெளியே எடுத்துப் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றினேன். அவனுக்குத் திறந்தால் மற்ற நாற்பது பேர் சும்மா இருப்பார்களா? அவனுக்கு எப்படி வந்தது என்று வந்து நிற்பார்கள். இத்தனை மாதம் நான் கட்டிக் காத்தது மளமளவென்று சரிந்துவிடும். அவர்கள் அகப்பட்டிருந்த அதே இடத்தில்தான் ஐயா நானும் அகப்பட்டிருந்தேன். உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. மூடியைத் திருகிப் பேனாவை வைத்துவிட்டேன்.

மாதக் கடைசி போயிற்று. அடுத்த மாதமும் போயிற்று. கட்டி குடல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு நாள் இருந்தாள். கடைசி வாரம் தினமும் சாயங்காலம் போய்த் துணி மாற்றிவிட்டு வந்தேன். இறந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்தது நான்தான். பாத்திரம் முழுவதையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். நெட்டையன் வாசல்வரை வந்து, "நீங்க இல்லேன்னா நான் என்னக்கா பண்ணியிருப்பேன்" என்றான்.

உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது எனக்கு வருத்தத்தோடு இன்னொன்றும் இருந்தது. ஒரு நிம்மதி. இனி அவனுக்கு அவசரம் இல்லை. நான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரமும் தப்பித்தது.

இரண்டு மாதம் கழித்து அவனே வந்தான். தனக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் மனைவி பெயர் இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்றான். அதற்கு அவன் விவரத்தாளை அச்செடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பாட்டிலைப் பிடிப்பது போல ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, விலகின தேதின்னு போட்டிருக்கு. காலியா இருக்கே?"

அன்று காவலாளிகூட இல்லை. இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஆனால் இனி எதற்கு என்று தோன்றியது. எல்லாம் முடிந்துவிட்டதே, இப்போது சொன்னால் புரிந்துகொள்வான் என்று நினைத்தேன்.

"நான்தான் தம்பி போடல. உன் நல்லதுக்குத்தான். பணம் அப்படியே பத்திரமா இருக்கு, பாரு. நாளைக்கு உனக்கு வயசாகும்போது..."

அவன் என்னை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அவ என்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தாக்கா. வந்துச்சா, வந்துச்சான்னு. ஃபண்டு அக்கா இருக்காங்க, வாங்கிக் குடுத்துடுவாங்கன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றான். எழுந்தான். நிலைப்படி இடித்துவிடாமல் குனிந்து வெளியே போனான். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

ஆமாம் ஐயா. தெரிந்தேதான் செய்தேன். அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் பணம் வராது என்று தெரியும். பணம் வராவிட்டால் ஆபரேஷன் நடக்காது என்று தெரியும். ஆபரேஷன் நடக்காவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள் என்றும் தெரியும். நாற்பத்தொரு பேரையும் நான்தான் தடுத்தேன். அவளைச் சாகவிட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இது எங்கிருந்து வந்தது, இப்படி ஒரு பிடிவாதம், என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அதை மூடினபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. அவசரக்காரர். யாரையும் கேட்கவில்லை; மூடின மறுநாளே போய் அத்தனை வருட ஃபண்டையும் மொத்தமாக எடுத்துவிட்டார். ஒரே வருடம், தண்ணீராகக் கரைந்துவிட்டது. கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் இருந்தார். இரத்த அழுத்த மாத்திரையை இரண்டாக உடைத்துச் சாப்பிடுவார். மறுநாளைக்கும் ஆகட்டும் என்று. என்னிடம் கேட்கக் கூச்சம். அதைப் பார்த்துத்தான் ஐயா, என் கைவழியாகப் போகும் ஒருவருக்கும் இந்த நிலை வரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எதில் செலவழித்தார் என்றா கேட்கிறீர்கள்? குடியில்லை, சூதில்லை, பாவம். எனக்கு அப்போது ஏழு வயது. இதயத்தில் ஓர் ஓட்டை இருந்ததாம். உதடெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தேனாம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து அடைத்தார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்பா கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.